சனி வளையத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்? பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி

சனியின் வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வானத்தில் அடைத்துக்கொள்ளும் கோணம் ஏறத்தாழ 40 விகலை. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ 60 விகலை. திருநள்ளாற்றில் தலைமுறை தலைமுறையாகச் சனீஸ்வரனைக் கும்பிட்டவர்கள் அதே சனியை வானத்திலும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதைச் சுற்றி வளையம் இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றால் காரணம் இந்த இரண்டு எண்கள்தான்.

பாகை, கலை, விகலை எல்லாம் பஞ்சாங்கத்தில் வரும் அதே அளவுகள். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழு நிலவு 31 கலை அகலம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எல்லாம் எளிது.

என் சித்தப்பா மகன் வலங்கைமான் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். முன்னாள் மாணவர்கள் கூடிப் பணம் போட்டிருக்கிறார்கள், பள்ளிக்குத் தொலைநோக்கி வாங்க வேண்டும். அவன் கையில் நாலு யோசனை இருந்தது. (தொலைநோக்கியின் பெயரோடு வரும் மி.மீ., அதன் முன் லென்ஸின் அல்லது ஆடியின் விட்டம்.) 10×50 பைனாகுலர் (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) மூன்று நாலு வாங்குவது ஒன்று. 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி ஒன்று, பெட்டியிலேயே ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. 150 மி.மீ. ஆடித் தொலைநோக்கி, பெட்டித் தாங்கியில் உட்காரும் டாப்சோனியன் வகை, மூன்றாவது. நாலாவது, துபாயில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவரிடமிருந்து வந்தது: “வாங்குறதுதான் வாங்குறீங்க, 200 மி.மீ. வாங்குங்க சார். குறையுறதை நான் போட்டுடுறேன்.”

“அண்ணே, 525 மடங்குன்னு போட்டிருக்கான், விலையும் குறைச்சல். பேசாம அதையே எடுத்துட்டா என்ன?” என்று கேட்டான் தம்பி.

மடங்கு என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் பார்க்க வேண்டியது, எந்த இடத்தில் எது நம்மைத் தடுக்கிறது என்பது. கண் ஓரிடத்தில் தடுக்கும், லென்ஸ் ஓரிடத்தில் தடுக்கும், காற்று ஓரிடத்தில் தடுக்கும், ஸ்டாண்டு ஆடினால் அதுவும் தடுக்கும். பணத்தைப் போட்டு நகர்த்தக்கூடிய தடை எது, எவ்வளவு போட்டாலும் நகராத தடை எது என்று தெரிந்துவிட்டால் நாலில் எதை வாங்குவது என்பது பாதி முடிவானது போல.

கண் நிற்கும் இடம்

60 விகலை என்பது ஒரு கிலோமீட்டர் தொலைவில் 29 சென்டிமீட்டர். அறுவடை முடிந்த வயலில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வரப்பில் போவது ஆளா மாடா என்று சொல்லிவிடலாம். ஆள் தோளில் இருப்பது மண்வெட்டியா வெறும் கழியா என்று கேட்டால் சொல்ல முடியாது.

இந்த எல்லைக்கு இரண்டு காரணம். விழித்திரையின் நடுவே கூம்பு செல்கள் ஏறத்தாழ அரைக் கலை இடைவெளியில் நெருங்கி அமைந்திருக்கின்றன. இரண்டு புள்ளிகள் இரண்டாகத் தெரிய வேண்டுமென்றால், ஒளி விழும் இரு செல்களுக்கு நடுவே ஒளி குறைந்த ஒரு செல்லாவது இருக்க வேண்டும். ஆக ஒரு கலை. இன்னொரு பக்கம் கண்மணியின் துளை. நல்ல வெளிச்சத்தில் அது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்தத் துளை வழியே நுழையும் ஒளி, விளிம்பு விளைவால் தானாகவே 46 விகலை அளவுக்குப் பரவிவிடும். செல்களை இன்னும் நெருக்கி அடுக்கினாலும் பெரிதாகப் பயன் இருக்காது.

இருட்டில் கண்மணி 6, 7 மி.மீ. வரை விரிகிறது. கணக்குப்படி பார்வை 20 விகலைக்குக் கூர்மையாக வேண்டும். நடப்பது நேர்மாறு. கண் லென்ஸின் ஓரப்பகுதிகள் ஒளியைச் சரியாக ஒரே இடத்தில் சேர்ப்பதில்லை. போதாததற்கு மங்கிய ஒளியில் வேலை செய்வது குச்சி செல்கள். அவை பல சேர்ந்து ஒரே செய்தியாக மூளைக்கு அனுப்புவதால் மங்கல் தெரியும், நுணுக்கம் தெரியாது.

வானத்தில் இதற்கு என்ன பொருள்? நிலவில் ஒரு விகலை என்பது சுமார் 1.9 கி.மீ.; 60 விகலை என்பது 112 கி.மீ. கோப்பர்னிகஸ் பள்ளம் 93 கி.மீ. அகலம். வெறுங்கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியாது. முயலோ பாட்டியோ மாதிரி தெரிவதெல்லாம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள எரிமலைக் குழம்புச் சமவெளிகள். வியாழன் மிக நெருங்கும்போதும் 50 விகலைதான், அதனால் புள்ளி. செவ்வாய் அதிகபட்சம் 25. கும்பகோணத்தைச் சுற்றி ஒன்பது கிரகத்துக்கும் கோயில் இருந்தாலும், சூரியனையும் சந்திரனையும் விட்டால் வெறுங்கண்ணுக்கு வட்டமாகத் தெரிவது ஒன்றும் இல்லை. (திருநாகேஸ்வரத்து ராகுவுக்கும் கீழப்பெரும்பள்ளத்துக் கேதுவுக்கும் எந்தத் தொலைநோக்கி வாங்கியும் பயனில்லை. அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு இடங்கள். அங்கே பார்க்கப் பொருள் எதுவும் கிடையாது.)

கல்யாணத்தில் அருந்ததி காட்டுவதைச் சிலர் கண் பரிசோதனை என்று சொல்வார்கள். வசிட்டருக்கும் அருந்ததிக்கும் இடைவெளி 12 கலை, அதாவது கண்ணின் எல்லையைப்போல் பன்னிரண்டு மடங்கு. அருந்ததி தெரியவில்லை என்றால் காரணம் அது மங்கல் என்பதுதான், நெருக்கம் அல்ல. முகூர்த்தம் பெரும்பாலும் பகலில் என்பதால் எல்லாருமே தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். உண்மையான சோதனை வசிட்டரிடமே இருக்கிறது. அந்த ஒரு நட்சத்திரமே 14 விகலை இடைவெளியில் இரண்டாக இருக்கிறது. எவ்வளவு நல்ல கண்ணுக்கும் அது ஒன்றுதான்.

லென்ஸ் நிற்கும் இடம்

ஒளி அலையாக இருப்பதால், எந்தத் துளை வழியே போனாலும் ஒரு புள்ளி புள்ளியாக வந்து சேராது. சிறு வட்டாகப் பரவித்தான் சேரும். துளை பெரிதானால் வட்டு சிறிதாகும். 1879-இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே இதற்கு ஒரு வரையறை சொன்னார்: ஒரு வட்டின் நடு, மற்றதன் முதல் இருண்ட வளையத்தின் மேல் விழும் அளவு விலகியிருந்தால் இரண்டும் பிரிந்தன என்று கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளிக்கு அதைச் சுருக்கினால் மனக்கணக்காகவே வரும்: 138-ஐ மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் விகலை. டாஸ் என்பவர் இரட்டை நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து வைத்த அளவு இன்னும் கொஞ்சம் தாராளம், 116-ஐ வகுக்க வேண்டும்.

ராலே கணக்கில் 50 மி.மீ.க்கு 2.8 விகலை, 70-க்கு 2.0, 150-க்கு 0.92, 200-க்கு 0.69. நிலவில் சொன்னால் 70 மி.மீ.யில் 3.7 கி.மீ., 150-இல் 1.7 கி.மீ., 200-இல் 1.3 கி.மீ. பள்ளிக்கூடத்தில் தவறாமல் வரும் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அப்போலோ விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பகுதி கால்களோடு சேர்த்தே 10 மீட்டருக்குள். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அதை ஒரு புள்ளிக்கு மேல் ஏதாவதாகப் பார்க்க 25 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஆடி வேண்டும். கொடியைக் கேட்கவே வேண்டாம்.

பைனாகுலரின் நிலைமை வேடிக்கையானது. அதன் 50 மி.மீ. லென்ஸ் 2.8 விகலை வரை பிரிக்கும். ஆனால் பெருக்கம் 10 மடங்குதான், ஆகவே கண்ணின் 60 விகலை பத்தில் ஒன்றாகி 6 விகலையில் நின்றுவிடும். லென்ஸ் கொடுக்கும் நுணுக்கத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை. கையில் பிடித்தால் நடுக்கத்தில் இன்னும் போகும். அப்படியும் கண்ணோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு முன்னேற்றம். நிலவின் பெரிய பள்ளங்கள், வியாழனின் நாலு நிலவுகள், கார்த்திகைக் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத டஜன் கணக்கான நட்சத்திரங்கள் எல்லாம் கிடைக்கும். சனி நீள்வட்டமாகத் தோன்றலாம், வளையம் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1610-இல் கலிலியோவுக்கும் அதே குழப்பம். அவர் சனியை மூன்று உருண்டையாகப் பார்த்தார். அது வளையம் என்று ஹைகன்ஸ் எழுதியது 1659-இல்.

இந்தப் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ரிஷோ என்ற பாதிரியார், ஆல்ஃபா சென்டாரி ஒரு நட்சத்திரம் அல்ல, இரண்டு என்று கண்டார். டெல்டாவில் சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தாழ்வாக அது தெரியும். ஐரோப்பாவில் இருந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்காது. இன்று அந்த இரண்டுக்கும் இடைவெளி பத்து விகலைக்குள். கையில் பிடித்த பைனாகுலரில் ஒன்றாகவும் 70 மி.மீ.யில் தெளிவாக இரண்டாகவும் தெரியும் என்பதால், நாலு யோசனையில் முதல் இரண்டையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல நட்சத்திரம் நமக்கு இல்லை.

இனி அந்த 525. பெட்டிக்குள் 700 மி.மீ. குவியத் தொலைவுள்ள குழாய், 4 மி.மீ. ஐபீஸ் (கண்ணை வைக்கும் பக்கத்து லென்ஸ்), பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸ் இருக்கும். 700-ஐ 4-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் 70 மி.மீ. லென்ஸ் பிரித்துக் கொடுப்பதே 2 விகலை. அதைக் கண்ணின் 60 விகலைக்குக் கொண்டுவர 30 மடங்கு போதும். கண்ணைச் சுருக்காமல் வசதியாகப் பார்க்க 60 முதல் 120 வரை போகலாம். மில்லிமீட்டருக்கு 2 மடங்கு, அதாவது 140, மேல்வரம்பு. அதற்கு மேல் போனால் புதிதாக ஒரு நுணுக்கமும் வராது; பாஸ்போர்ட் போட்டோவை ஃபிளெக்ஸ் பேனரில் பெரிதாக்கிப் போட்ட மாதிரிதான். ஒளியும் கலைந்துபோகும். 525 மடங்கில் படம் 140 மடங்கில் இருந்ததைப் போல் பதினான்கில் ஒரு பங்கு வெளிச்சத்தில் தெரியும்.

“அப்ப அந்த 4 மி.மீ. ஐபீஸை என்ன பண்றது?” என்றான்.

“பெட்டியிலேயே இருக்கட்டும்.”

கோடுகள் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட மின்கம்பி, ஒரு கலையைவிடப் பல மடங்கு மெலிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு புள்ளிகளைப் பிரிப்பது வேறு, நீண்ட இருண்ட கோடு ஒன்று இருக்கிறது என்று உணர்வது வேறு. 1675-இல் காசினி சனி வளையத்தில் கண்ட இடைவெளி முக்கால் விகலைக்கும் குறைவு. 70 மி.மீ.யின் எல்லை 2 விகலை என்றாலும், வளையம் நன்றாக விரிந்திருக்கும் ஆண்டுகளில் நல்ல லென்ஸில் அந்தக் கோடு இரு முனைகளிலும் எட்டிப் பார்ப்பதுண்டு. 2025 மார்ச்சில் வளையம் விளிம்பு காட்டி நின்றது. அதிலிருந்து 2032 வரை கொஞ்சம் கொஞ்சமாக விரியும். இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் சனி முந்தைய ஆண்டைவிட நன்றாக இருக்கும்.

பெரிதாக இருந்தாலே கூர்மை என்பதும் முழு உண்மை இல்லை. ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். ஆனால் அது பிடிப்பது 92 சென்டிமீட்டர் அலை. ஆகவே அதன் பிரிதிறன், அதாவது பிரித்தறியும் எல்லை, சில கலைகள்தான், மனிதக் கண்ணைவிட மோசம். அலையைக் குறுக்கி, உலகத்தின் பல மூலைகளில் உள்ள கருவிகளை இணைத்து, 1.3 மி.மீ. அலையில் பார்த்துத்தான் 2019-இல் வெளியான கருந்துளைப் படத்தை எடுத்தார்கள். அதன் கூர்மை ஒரு விகலையின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. பள்ளித் தொலைநோக்கிக்கு இது வெறும் தகவல், வகுப்பில் சொல்ல உதவும்.

காற்று நிற்கும் இடம்

கடையில் யாரும் சொல்லாத எண் இது. வெப்பமும் குளிர்ச்சியும் கலந்த காற்றுப் பொதிகள் நம் தலைக்கு மேல் ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதால், நட்சத்திரத்தின் ஒளி கீழே வருவதற்குள் ஒன்றிலிருந்து மூன்று விகலை வரை கலங்கிப் போகிறது. நட்சத்திரம் மின்னுவது என்று நாம் ரசிப்பது இதைத்தான்.

இதன் பலத்தை அறிய காவலூர் போதும். ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். 1986 முதல் இயங்குகிறது. கணக்குப்படி 0.06 விகலை பிரிக்க வேண்டும். 1990-இல் விண்ணுக்குப் போன ஹபிளின் ஆடி 2.4 மீட்டர், ஏறக்குறைய அதே அளவு. ஹபிள் உண்மையிலேயே 0.05 விகலை காண்கிறது. காவலூரில் காற்று விடுவது ஒரு விகலைக்கு அக்கம்பக்கம், பல இரவுகளில் அதைவிட மோசம். அதாவது நுணுக்கத்தில் மட்டும் பார்த்தால், அத்தனை பெரிய ஆடியும் ஒரு சாண் அகலத் தொலைநோக்கியும் ஒரே வரிசை. பெரிய ஆடியால் அங்கே கிடைப்பது ஒளி. மங்கலான பொருளை எட்டிப் பிடிக்கும் திறன்.

நம் ஊருக்கு இதைப் பொருத்தினால், 2 விகலைக் காற்றில் 70 மி.மீ.க்கு மேல் கொடுக்கும் காசெல்லாம் பிரிதிறன் கணக்கில் வீண் என்று தோன்றும். பலர் அப்படியே முடித்துவிடுகிறார்கள். அது சராசரிக் கணக்கு. காற்று ஒரே மாதிரி கலங்குவதில்லை. நடுவே ஒரு நொடி, அரை நொடி தெளியும். பார்த்துக்கொண்டே இருக்கும் கண் அந்த நொடியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது 150 மி.மீ. தன் 0.92 விகலையைக் காட்டிவிடும், 70 மி.மீ.க்குக் காட்ட 2 விகலைக்குமேல் கையில் ஒன்றும் இல்லை. மொபைலில் வீடியோ எடுத்து நல்ல ஃபிரேம்களை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பதும் இதே உத்திதான்; ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்.

துளை பெரிதாகப் பெரிதாக அந்தத் தெளிந்த நொடிகள் அரிதாகும், ஏனென்றால் அந்த அகலம் முழுக்கக் காற்று ஒரே நேரத்தில் அமைதியாக இருக்க வேண்டும். 150-இலிருந்து 200-க்குப் போனால் கிடைக்கும் கால் விகலை, டெல்டாவின் சமவெளிக் காற்றில் ஆண்டில் சில இரவுகளுக்கு மட்டுமே வரும் விருந்து.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. நாம் 11 பாகை வடக்கில் இருப்பதால் கிரகங்கள் தலைக்கு மேல்வரை ஏறுகின்றன. தாழ்வாகப் பார்த்தால் ஒளி சாய்வாக அதிகக் காற்றைக் கடக்க வேண்டும். 30 பாகை உயரத்தில் இருப்பதற்கு உச்சியில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு காற்று. லண்டன்காரர் பல ஆண்டுகள் கூரை உயரத்தில் பார்த்து அலுத்துக்கொண்ட சனியை நாம் எப்போதும் நல்ல உயரத்தில் பார்க்கிறோம்.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பதும் காற்றுக் கணக்குதான். மொட்டை மாடி வசதி, ஆனால் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் நடு இரவு வரை வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும், படம் கொதிக்கும். பள்ளி மைதானத்தின் மண்தரை அதைவிட மேல். களத்துமேட்டைவிட நீர் நிற்கும் வயலை ஒட்டிய இடம் இன்னும் நல்லது. நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்வதால் அதன் மேல் காற்று அதிகம் புரளாது. உதய்ப்பூரில் சூரியத் தொலைநோக்கியை ஏரி நடுவே தீவில் வைத்திருப்பது இதற்காகத்தான். கொசுவுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையை மழைக்கு விட்டுவிட வேண்டியதுதான். மார்கழி, தையில் வானம் தெளியும், கூடவே பனி இறங்கும். லென்ஸ் தொலைநோக்கியில் முன் லென்ஸ் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால் ஒரு மணி நேரத்தில் வேர்த்துவிடும். ஆடித் தொலைநோக்கியில் ஆடி குழாயின் அடியில் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். பனியைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. நம் ஈரக்காற்றில் ஈரத்தோடு மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடித்தால், அது லென்ஸின் மேற்பூச்சையே அரித்துவிடும். எதை வாங்கினாலும் சிலிக்கா ஜெல் பைகளும் காற்றுப் புகாத டப்பாவும் அதோடு சேர்ந்த செலவு.

ஸ்டாண்டு, வரிசை, தூக்குக் கூலி

குறைந்த விலை 70 மி.மீ.யின் உண்மையான குறை லென்ஸில் இல்லை, அதன் முக்காலியில் இருக்கிறது. 100 மடங்கில் படம் மட்டுமா பெரிதாகிறது, ஆட்டமும் நூறு மடங்கு. குமிழைத் தொட்டதும் சனி குதித்து ஓடும், நின்ற பிறகு பார்க்கலாம் என்பதற்குள் அடுத்த பிள்ளை கை வைத்துவிடும். அதோடு நம் ஊரில் கிரகம் உச்சியில் இருப்பதால் ஐபீஸ் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். குனிந்து, கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்யும் வகைத் தாங்கியைப் பற்றியும் தம்பி விசாரித்திருந்தான். நமக்குத் துருவ நட்சத்திரம் 11 பாகை உயரம்தான், தென்னந்தோப்புக்குப் பின்னால் போய்விடும். அந்தத் தாங்கிகள் பலவற்றில் அச்சை அவ்வளவு கீழே சாய்க்கவும் வராது. சாய்த்தால் எதிர் எடை முக்காலிக் காலில் இடிக்கும். அவை 40, 50 பாகையில் வாழ்கிறவர்களுக்காகச் செய்தவை.

டாப்சோனியன் என்பது தரையில் உட்கார்ந்த ஒரு மரப்பெட்டி, அதன் மேல் குழாய். கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். மின்சாரம் வேண்டாம். 150 மி.மீ.யில் குழாய் ஏறத்தாழ 1200 மி.மீ. நீளம், ஐபீஸ் ஒரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வரும். 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ.யில் 120. சரியாக உச்சியில் மட்டும் இதைத் திருப்புவது தொல்லை, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். பூமி சுழல்வதால் 120 மடங்கில் சனி ஒன்றரை நிமிடத்தில் பார்வை விட்டு ஓடிவிடும், ஆகவே நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு முறை யாராவது தள்ளி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் பஞ்சம் வராது; எட்டாம் வகுப்பில் சண்டையே நடக்கும்.

200 மி.மீ.யும் இதே நீளம், ஆனால் பருமனும் எடையும் கூடுதல். ஆய்வகம் மாடியில் இருந்தால் தூக்க இரண்டு பெரியவர்கள் வேண்டும். குழாய் நீளத்துக்கு ஆடி அகலம் கூடியதால் ஆடிகளை நேர்ப்படுத்துவதிலும் 150-ஐவிடக் கறார். ஒளி 1.8 மடங்கு கூடுதல் கிடைக்கும். தஞ்சாவூர், கும்பகோணம் விளக்கு வெளிச்சத்தில் அதில் ஒரு பங்கு கரையும். கோடியக்கரைப் பக்கம் இருட்டான ஊர்ப் பள்ளியாக இருந்தால் நான் 200-ஐத்தான் சொல்லியிருப்பேன், அங்கே நுணுக்கத்துக்காக அல்ல, ஒளிக்காக.

70-க்கும் 150-க்கும் நடுவே ஒளி வித்தியாசம் 4.6 மடங்கு. சித்திரையில் தெற்கே 30 பாகை உயரம் ஏறும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரத் திரளை 70-இல் பார்த்தால் புகைத் திட்டு; 150-இல் அதே திட்டு விளிம்பிலிருந்து பொடிப்பொடியாக நட்சத்திரமாய் உடையத் தொடங்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குக் கிடைக்காத பொருள் அது. நமக்குக் கிடைக்கும்போது அதற்குத் தகுந்த துளை வாங்காமல் விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

எதை வாங்குவது

வலங்கைமான் பள்ளிக்கு 150 மி.மீ. டாப்சோனியன் ஒன்று, 10×50 பைனாகுலர் ஒன்று, அதற்கு ஒரு முக்காலி. நம் சமவெளிக் காற்று தெளியும் நொடிகளில் எவ்வளவு காட்டுமோ அதைத் தவறவிடாத அளவு 150. அதற்குக் கீழே லென்ஸ் தடுக்கிறது, மேலே போனால் காற்று தடுக்கிறது. மூன்று நாலு பைனாகுலர் என்ற முதல் யோசனை மோசமில்லை. தொலைநோக்கியைத் தூக்கி வைக்கவும் ஆடியைச் சரிபார்க்கவும் பொறுப்பாக ஓர் ஆசிரியர் இல்லாத பள்ளி என்றால் அதுதான் சரி. அலமாரியில் தூங்கும் 150-ஐவிட, வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுக்கும் பைனாகுலர் மேல். என் தம்பி இருக்கும்வரை அந்தக் கவலை இல்லை. அவன் மாற்றலாகிப் போனால் என்ன என்று கேட்டேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஆடி நேர்ப்படுத்தச் சொல்லிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான்.

70 மி.மீ.யை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவர் இருவர் பார்க்க, முக்காலி கனமாக இருந்து, 60, 70 மடங்கோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தால் அது நல்ல கருவி. முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது. மலிவான பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும், கண் போய்விடும். அதை எடுத்துத் தூர எறிந்துவிட வேண்டும். முன்பக்கம் முழுதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் பகலில் குழாயின் மூடியைத் திறக்க அனுமதிக்கவே கூடாது.

துபாய்க்காரரிடம் என்ன சொல்வது என்பதுதான் தம்பிக்குக் கடைசிச் சங்கடம். “வேணாம்னு சொன்னா மனசு நோகுமேண்ணே.” வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? 200-க்குப் போடுவதாகச் சொன்ன தொகையில் 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று வாங்கலாம், 200 மடங்கு வரும், காற்று தெளிந்த இரவுக்கு ஆகும். ஆடி நேர்ப்படுத்தும் கருவி, முன்பக்கச் சூரிய வடிகட்டி, மொபைல் மாட்டும் கவ்வி, பூட்டுப் போட்ட அலமாரி, அதில் சிலிக்கா ஜெல். இதெல்லாம் இல்லாமல் 150 மி.மீ. இரண்டு மழைக்காலம் தாங்காது. அந்தப் பட்டியலையே அவருக்கு அனுப்பச் சொன்னேன்.